ஒன்றரை கிராம்

கேலாங்கில் ஒரு லோரோங் முனை.
ஆளில்லாத சலவைக் கடை, எட்டு எந்திரங்கள்.
காசு சிக்கினால் என்னைக் கூப்பிடுவார்கள்.
துளையின் தொண்டைக்குள் இடுக்கியை விட்டு
நான் எடுப்பது பெரும்பாலும் சீனத்து யுவான்:
ஒரு பக்கம் எண், மறுபக்கம் சாமந்தி.

நம் ஒரு வெள்ளியை விட
அகலம் ஒரு மயிரிழை கூட.
எடை ஒன்றரை கிராம் குறைவு.
எந்திரத்துக்கு அது போதும்,
யார் வெளியூர் என்று சொல்ல.

தவறிப் போட்டவர் உண்டு.
தெரிந்தே போட்டவரும் இருப்பார்.
நான் விசாரிக்கப் போனதில்லை.
"செல்லாக்காசு, வீசு" என்றார் முதலாளி கோ.
மைலோ டின்னில் வீசினேன்.

டின் நிறைந்த மழைநாளில்
ஆண்டு வாரியாகப் பிரித்தேன்.
அப்படிப் பிடித்தது இந்தப் பித்து.
தொண்ணூற்றொன்பதில் தொடங்கி
இரண்டாயிரத்துப் பதினெட்டு வரை சாமந்தி யுவான்.
அதன்பின் வந்தது உருவில் சிறுத்துப்போய்
எங்கும் சிக்காமல் நழுவிவிடும்;
என் கைக்கு வருவதில்லை.
ஐந்து ஜியாவோவில் தாமரை, பித்தளை நிறம்.
ஒரு ஜியாவோவில் ஆர்க்கிட்,
நம் நாட்டுப் பூவுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

நம் பழைய ஒரு வெள்ளியிலும்
நித்தியகல்யாணி பூத்திருந்தது.
இப்போது பத்துக் காசைத் திருப்பினால்
அடுக்குமாடி வீடு. இருபதில் விமான நிலையம்.
பூவுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை போலும்.

சுன்மெய் ஃபூட் கோர்ட்டில் தட்டு கழுவுகிறவள்.
இரவு பதினொன்றுக்கு மேல் துணியோடு வருவாள்.
அவளுக்குத் தெரிந்த தமிழும்
எனக்குத் தெரிந்த சீனமும்
சேர்த்தால் ஒரு கைப்பிடி தேறாது.
ஆவி படிந்த கண்ணாடிக் கதவில்
ஆண்டுகளை விரலால் எழுதிக்கொள்வோம்.

ஒருநாள் பர்ஸிலிருந்து ஒரு ஃபென் எடுத்தாள்.
அலுமினியம். நூறு சேர்ந்தால் ஒரு யுவான்.
வாளியில் தண்ணீர் பிடித்து
பிள்ளையைப் படுக்கவைப்பது போல
மேலே வைத்தாள்.
மிதந்தது.
மூழ்கத் தெரியாத காசை
அன்றுதான் பார்த்தேன்.
துடைத்துத் திரும்பப் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.
தரவில்லை. நானும் கேட்கவில்லை.

என் அட்டையில் பத்தொன்பது சாமந்திகள்.
இரண்டாயிரத்து மூன்றின் குழி மட்டும் காலி.
பீப்பிள்ஸ் பார்க்கில் ஒரு கடைக்காரர்
மூன்று வெள்ளிக்குத் தருகிறேன் என்றார்,
பளபளவென்று, உறை போட்டு.
வேண்டாம் என்று வந்துவிட்டேன்.
தொண்டையில் சிக்கித்தான் வரணும்,
அதுதான் என் கணக்கு.
அன்றிரவு கண்ணாடியில் 2003 என்று எழுதி
கையை விரித்துக் காட்டினேன்.
அவளும் ஒருமுறை எழுதிப் பார்த்தாள்.

சீனப் புத்தாண்டுக்கு ஊர் போனாள்,
ஹெனானில் எங்கேயோ.
அவள் திரும்பிய வாரத்தில் அழைப்பு:
நான்காம் எந்திரம்.
இடுக்கியை விட்டேன்.
2003.
பின்னால் இன்னொன்று, 2003.
மூன்றாவதும்.
நான்காவது குறுக்கே புகுந்து
தகட்டை வளைத்திருந்தது.
கழற்றி மாட்ட இரண்டு மணி நேரம்,
கட்டைவிரலில் ரத்தம்.

அவள் எதிர் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள்,
தூங்குகிறவர்கள் அத்தனை இறுக்கமாகக்
கண்ணை மூடமாட்டார்கள்.
உலர்த்திக்குள் அவளுடைய பச்சைச் சீருடை
கைகளை வீசிச் சுற்றியது.

பழுதுத் தாளில் மூன்று கட்டங்கள்.
எந்திரம்: நான்கு.
செலவு: தகடு ஒன்று, பன்னிரண்டு வெள்ளி.
காரணத்துக்கு நேரே எப்போதும்
'அந்நிய நாணயம்' என்று எழுதுவேன்.
அதைப் படித்தால் கோ
கேமராவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பார்.
பேனாவைக் கொஞ்சம் கடித்துவிட்டு
எழுதினேன்:
ஈரம்.